கைதட்டி வாங்கப்பட்ட ஒரு பக்கம்

பவளக்கரைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு எழுதப் படிக்க வரவில்லை என்று ஃபிஜித் தீவுகளின் சுவா நகரத்துப் பத்திரிகைகள் எழுதியதும், அது ஏன் என்று கண்டுபிடிக்க ஒரு குழு போட்டார்கள். குழு தீவு தீவாகப் போய் விருந்து சாப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து சொன்னது இதுதான்: எழுதச் சொல்லப்பட்ட மாணவர்களிடம் மட்டுமே பிழைகள் காணப்பட்டன. எழுதச் சொல்லாத மாணவர்களிடம் ஒரு பிழைகூட இல்லை. வாசிக்கச் சொன்னவர்களில் பாதிப்பேர் புரியவில்லை என்றார்கள். வாசிக்கச் சொல்லாதவர்களிடமிருந்து அப்படி ஒரு புகாரும் வரவில்லை. இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு என்ன தயக்கம்? ‘வாசிப்பும் எழுத்தும்’ என்ற பாடத்திலிருந்து வாசிப்பையும் எழுத்தையும் எடுத்துவிட்டு, காலியான இடத்தில் செயல்திட்ட வழிக் கற்றலைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

கெலெராவுக்கு இது தெரியாது. அவள் முந்தின வருடம் அதே பாடத்தில் தோற்றவள். தவேயூனித் தீவிலிருந்து கப்பலேறி வந்து, சுவாவை ஒட்டிய நசினுவில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு ஒத்தாசையாக இருந்தவளிடம், ஆசிரியர் தேர்வில் தேறி வந்தால் அந்த வேலை உனக்குத்தான் என்று தலைமையாசிரியர் வாக்குக் கொடுத்திருந்தார். தேர்வு டிசம்பரில். அதில் பசை கிடையாது, வண்ணத்தாள் கிடையாது. ஒரு மண்டபத்தில் தனியாக உட்கார்ந்து, கொடுத்ததை வாசித்து, ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுத வேண்டும்.

போன வருடம் அவள் எழுதிய கட்டுரை சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வந்திருந்தது. ஓரத்தில் யாரோ, “இங்கே நீ என்ன சொல்ல வருகிறாய்?” என்று கேட்டிருந்தார்கள். விடுமுறை முழுக்க மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டே அவள் அந்தக் கேள்வியை யோசித்தாள். அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று அதுவரை அவளை யாரும் கேட்டதில்லை. வீட்டில் கேட்க மாட்டார்கள், தேவாலயத்தில் கேட்க மாட்டார்கள். பதில் கிட்டத்தட்டத் தயாராகிவிட்டது என்ற நிலையில்தான் இந்த வருடம் திரும்பி வந்தாள்.

முதல் வகுப்பில் விரிவுரையாளர் ஷல்வின் சார் பூப்போட்ட சட்டையில் வந்தார். கையில் புத்தகம் இல்லை. ஒரு பசை டப்பா இருந்தது.

“இந்த வருஷம் யாரும் எதையும் எழுத வேணாம். எல்லாரும் சேந்து செய்யப் போறோம்,” என்றார்.

கெலெரா கையைத் தூக்கினாள். “கட்டுரை எப்போ சார் எழுதணும்?”

ஷல்வின் சார் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அந்த வார்த்தைய இங்க சொல்லாதம்மா. அதனால எத்தன பிள்ளைங்க மனசு ஒடஞ்சிருக்கு தெரியுமா? இப்ப நாம ‘விளைபொருள்’னுதான் சொல்றோம்.”

“சரி சார். விளைபொருள் எப்போ எழுதணும்?”

“எழுத வேணாம்னுதானே சொல்லிட்டிருக்கேன்!”

“சிவப்பு மையில திருத்திக் குடுப்பாங்களே, அந்தச் சார் எங்க?”

“அவருக்கு ஓய்வு குடுத்துட்டோம். பேனாவையும் வாங்கி வச்சுட்டோம். பாவம், அழுதாரு.”

கெலெராவின் குழுவில் அவளைத் தவிர இரண்டு பேர். ஒருவன் லம்பாசாக்காரன் பிரஷ்னீல். எதையும் கணினியில் படமாகப் போட்டு, மேலே எழுத்துகளை நடனமாட வைக்கத் தெரிந்தவன். இன்னொருவன் மலைநாட்டு ரக்பி ஆட்டக்காரன் செரு. அவன் ஊருக்கும் கெலெரா ஊருக்கும் கேலிமுறை. பார்த்த இடத்தில் மட்டம் தட்டாவிட்டால்தான் மரியாதைக் குறைவு.

தலைப்பு ‘தீவுகளில் வாசிப்பை வளர்த்தல்’. தீவுக்குப் படகில்தானே போக வேண்டும், எனவே படகு செய்யலாம் என்றான் பிரஷ்னீல். ஷல்வின் சார் கண்கலங்கி அவனைக் கட்டிக்கொண்டார். பல்கலைக்கழக முன்புறப் புல்தரையில், மழைமரத்தடியில் ஒட்டுப்பலகையில் ‘வாசிப்புப் படகு’ எழும்பத் தொடங்கியது.

“ஏய் கடல்காரி, துடுப்பு முன்பக்கமா பின்பக்கமா? உங்க ஊருல கடல் இருக்குனு சும்மா சொன்னாங்களா?” என்றான் செரு.

“உங்க ஊருல தண்ணியே கெடையாதே, நீ குளிக்கறதப் பாத்தாலே தெரியுதே. பலகையப் புடி மொதல்ல.”

“புடிச்சிட்டுத்தான் இருக்கேன். நீதான் ஆணிய என் வெரல்ல அடிக்கற.”

வேலை மும்முரமாக நடந்தது. முதல் மாதம் படகுக்கு இலச்சினை வரைந்தார்கள். இரண்டாம் மாதம் இலச்சினை போட்ட சட்டை வந்தது. மூன்றாம் மாதம், படகு வாசிப்பை வளர்க்கிறதா என்று புல்தரையில் நடந்து போகிறவர்களை நிறுத்திக் கேட்டார்கள். எல்லோரும் ஆமாம் என்றார்கள், ஏனென்றால் மழை தூறிக்கொண்டிருந்தது.

“சார், படகுல புத்தகம் எங்க வைக்கறது?” என்று ஒருநாள் கெலெரா கேட்டாள்.

“புத்தகம் ரெண்டாங்கட்டம்மா. இது மொதக்கட்டம்.”

“ரெண்டாங்கட்டம் எப்போ சார்?”

“மொதக்கட்டம் வெற்றியடைஞ்சா, அத இன்னும் பெருசா செய்யறதுதான் ரெண்டாங்கட்டம்.”

“அப்ப புத்தகம்?”

“பாரம் ஏத்துனா படகு தாங்காதும்மா. ஒட்டுப்பலகை.”

அந்தப் பருவத்தின் நடுவில் சுயமதிப்பீடு வந்தது. எழுத வேண்டியதில்லை, ஐந்து வட்ட முகங்கள் கொடுப்பார்கள், சிரிப்பிலிருந்து அழுகை வரை. பொருத்தமானதை எடுத்து ஒட்ட வேண்டும். ‘என் எழுத்துத் திறன் வளர்ந்திருக்கிறது’ என்ற வரிக்கு நேராகக் கெலெரா அழுகிற முகத்தை ஒட்டினாள். அது உண்மையாக இருந்தது, வேறொன்றுமில்லை. மறுநாள் மனநல ஆலோசகர்கள் மூன்று பேர் தேநீரும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு நசினுவுக்கே வந்துவிட்டார்கள். அத்தை பயந்துபோய்ப் பாயை விரித்தாள்.

“வீட்ல ஏதாச்சும் பிரச்சனையாம்மா?” என்றார் அவர்களில் மூத்தவர்.

“இல்லீங்க. எனக்கு எழுத வரல, அவ்ளோதான்.”

“அப்படி நெனைக்கறதுதான் பிரச்சனை. இந்த ஒரு முகத்தால மொத்த வகுப்போட சராசரி எறங்கிடுச்சு. உன் கூட்டாளிங்க மார்க்கும் போவும். ஒரு முகத்த மாத்தி ஒட்டறதுல உனக்கென்னம்மா நஷ்டம்?”

அவர்களே சிரித்த முகம் ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். கெலெரா வாங்கி ஒட்டினாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி உள்ளே எல்லாம் கனமாக, தன்னுடையது இல்லாதது போல இருந்தது. ஆலோசகர்கள் மிச்ச பிஸ்கட்டை முடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் விட்டு வந்து, அவள் ஒரு பக்கம் எழுதினாள். யாரும் சொல்லாமல், தானாக. தவேயூனியிலிருந்து சுவாவுக்கு முதன்முதல் வந்த கப்பல் பயணம் பற்றியது. கைக்குழந்தையோடு வந்த முன்பின் தெரியாத ஒருத்திக்கு அம்மா தன் பாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, தான் இரும்புத் தரையில் கிடந்து வந்ததை எழுதினாள். அப்போது அம்மாமேல் தனக்கு வந்த எரிச்சலையும் எழுதினாள். எழுதி முடித்தபோது எத்தனை பிழை இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. யாராவது ஒருவர் படித்துச் சொன்னால் போதும். டிசம்பருக்கு இன்னும் நாள் இருந்தது.

தாளை நீட்டியதும் ஷல்வின் சார் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நான் தொடக் கூடாதும்மா. படிச்சேன்னா தப்பு கண்ணுல படும். தப்பு கண்ணுல பட்டா சொல்ல வேண்டி வரும். சொன்னா என் வேலை போயிரும்.”

“ஒரே ஒரு தடவ சார். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“இயக்குநர்கிட்ட கேட்டுப் பாக்கறேன்.”

வாசிப்பு எழுத்து மேம்பாட்டு மையத்தின் இயக்குநர் டாக்டர் வைசாகே. அவருக்குச் செய்தி போனதும் மையமே ஆடிப்போனது. திட்டம் தொடங்கி இத்தனை காலத்தில் ஒரு மாணவி எழுதியே விட்டாள்! இயக்குநர் அறையை விட்டு வெளியே வந்து, கெலெராவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தாளையும் வாங்கினார். வாங்கி எடை பார்ப்பதுபோல் கையில் ஏந்தினார்.

“இது சாதாரண விஷயமில்ல. இத முறைப்படிதான் குடுக்கணும். படகுத் திறப்பு விழாவுக்கு ஆஸ்திரேலியாவுலேர்ந்து மிஸ் ஹார்க்னஸ் வர்றாங்க, நமக்கு நிதி குடுக்கறவங்க. அவங்க கையில குடுப்போம்.”

“அதுக்கு முன்னாடி நீங்க ஒருவாட்டி படிச்சிட்டு...”

“விருந்தாளிக்கு வச்சத நாம தொடலாமா? நல்லா வளத்திருக்காங்கனு நெனச்சேனே உன்ன.”

கெலெராவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

விழாவன்று புல்தரையில் பாய் விரித்து, பந்தல் போட்டு, நடுவில் பெரிய மரக்கிண்ணத்தில், சடங்குகளில் குடிக்கும் யங்கோனா வேரைக் கரைத்து வைத்திருந்தார்கள். கொட்டாங்கச்சிக் கிண்ணம் வரிசைப்படி சுற்றி வந்தது. இயக்குநர் பேச எழுந்தார்.

“நான் இங்க பொறுப்பேத்ததுலேர்ந்து ஒரு புத்தகத்தக்கூடத் தொட்டதில்ல,” என்றார். கூட்டம் கைதட்டியது. “நேரமில்ல. வாசிப்பப் பத்திப் பேசவே எனக்கு நேரம் சரியா இருக்கு. எத்தனையோ நாட்டுல பேசிட்டேன். எங்கயும் யாரும் எழுந்து, நீங்க படிப்பீங்களானு கேட்டதில்ல. ஏன்னா அவங்களுக்கும் நேரமில்ல. இந்தப் புரிதல்தான் ஒரு கல்விச் சமூகத்தோட பலம்!”

பிறகு கெலெரா எழுதிய பக்கம் வந்தது. மரப்பட்டைத் துணியில் சுருட்டி, தாழைநாரால் கட்டி, ஒரு குட்டித் திமிங்கலம் அளவுக்கு உப்பலாக வந்தது. பல்கலைக்கழகத்தின் மரபு அலுவலர் மண்டியிட்டு, அதை இரண்டு கையாலும் ஏந்தி, தொண்டை கட்டும்வரை பேசினார். இந்தச் சின்னப் பக்கம் உங்கள் பெருமைக்கு முன்னால் ஒன்றுமில்லை, இருந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார். மிஸ் ஹார்க்னஸ் முன்கூட்டியே பழகிக்கொண்டு வந்திருந்தார். சுருளைத் தொட்டு வாங்கி, கையைக் குவித்து ஆழமாக மூன்று முறை தட்டினார். கூட்டம் முழுதும் தட்டியது. அதோடு பக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது.

ஏற்றுக்கொண்டதை அங்கேயே பிரித்துப் பார்ப்பது அநாகரிகம். முறைசெய்து கொடுக்கும் திமிங்கலப் பல்லானாலும் பாயானாலும், வாங்கியவர் அதை மரியாதையோடு வைத்திருந்து, இன்னும் பெரியவர் வரும்போது அவருக்குக் கொடுப்பார். கை மாற மாறத்தான் அதற்கு மதிப்பு. கெலெராவும் இந்த ஊர்க்காரிதான், இதெல்லாம் தெரியும். தெரிந்தும் வண்டியில் ஏறப்போன மிஸ் ஹார்க்னஸின் பின்னால் ஓடினாள்.

“மேடம், அதப் பிரிச்சுப் படிப்பீங்களா? பின்பக்கம் எதுவும் இல்ல, ஒரு பக்கந்தான்.”

மிஸ் ஹார்க்னஸ் அவளுடைய தோளைத் தட்டினார். “பிரிக்கவே கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. கவலப்படாத. உங்க பண்பாட்ட நான் மதிக்கறேன்.”

மதித்தார். அடுத்த வாரமே ஒரு விருந்தில் மூத்த அதிகாரி ஒருவரிடம் அந்தச் சுருளை முறைப்படி கொடுத்தார். அதிகாரி, இளைய தலைமுறையின் எழுத்து தன்னை உலுக்கிவிட்டது என்று பேசி, நாடி நகரத்து மாநாட்டில் ஒரு துணைவேந்தருக்குக் கொடுத்தார். துணைவேந்தர், மொழிநடையில் ஒரு தெளிவு இருக்கிறது என்று பாராட்டி, பவளக்கரைக்கே மரியாதை செய்யும்படி டாக்டர் வைசாகேயிடம் கொடுத்தார். டாக்டர் வைசாகே மூன்று முறை கைதட்டி வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு விழாவுக்கும் கெலெராவை அழைத்துக்கொண்டுபோய் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கறியும் சேம்பும் வயிறு நிறையக் கிடைத்தது. கைதட்டும்போது அவளும் தட்டினாள்.

நாடியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் பிரஷ்னீல் கேட்டான். “அப்படி என்னதான் எழுதின நீ?”

அவள் சொன்னாள். கப்பல், பாய், கைக்குழந்தை, இரும்புத் தரை, எரிச்சல். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“ஏய், நல்லாருக்கே. இத நீ எழுதணும்.”

“எழுதினதுதாண்டா அது.”

“ஆமால்ல,” என்றான்.

முன்சீட்டில் இருந்த செரு திரும்பினான். “உங்கம்மா நல்லவங்க. நீதான் எப்படியோ தப்பிப் பொறந்துட்ட.” அந்த வருடத்தில் அவளுடைய எழுத்தைப்பற்றி ஒருவர் சொன்ன உருப்படியான கருத்து அதுதான்.

தேர்வுக்கு முந்தின வாரம் கெலெரா சந்தைக்குப் போய் ஒரு கட்டு யங்கோனா வேர் வாங்கினாள். முறைப்படி வந்து கெரெகெரெ கேட்டால், அதாவது உரிமையோடு ஒன்றைக் கேட்டால், இல்லை என்று சொல்ல எந்த ஃபிஜிக்காரனுக்கும் நாக்கு வராது. சுற்றுப்பாவாடை கட்டி, இயக்குநர் அறையில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வேரைக் கிடத்தி, தலைகுனிந்து சொன்னாள்.

“அய்யா, பெரியவங்க நீங்க. வெறுங்கையோட வரல. நான் எழுதின பக்கத்த எனக்கே குடுங்க. யாராவது ஒருத்தர்கிட்ட அதப் படிக்கக் குடுத்துட்டு, தேர்வுக்குப் போறேன்.”

டாக்டர் வைசாகே நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். கண் நனைந்துவிட்டது. வேரைத் தொட்டு, கைதட்டி ஏற்றார். கண்ணாடி அலமாரியைத் திறந்து சுருளை எடுத்து அவள் மடியில் வைத்தார். வாசலில் நின்ற ஷல்வின் சாரும் மூக்கை உறிஞ்சினார்.

கெலெரா நாரை அவிழ்த்தாள். துணியைப் பிரித்தாள், இன்னொரு துணி. அதைப் பிரித்தாள். உள்ளே ஒரு தாள் இருந்தது. வெறும் தாள். திருப்பிப் பார்த்தாள், பின்பக்கமும் வெறுமை.

“இது என்னுது இல்லீங்க.”

“ஆமா, ஒன்னுது மடிச்சு, கசங்கி இருந்துச்சு,” என்றார் ஷல்வின் சார். “சுருட்டுனா அழகா வரல. நல்ல கெட்டித்தாளா ஒண்ண வச்சோம்.”

“என்னுது எங்க சார்?”

“திறப்பு விழாவன்னிக்குக் காலைல படகுல ஒரு எடத்துல பலகை விட்டிருந்துச்சு. பசை தடவி அத ஒட்டித்தான் மேல பெயிண்ட் அடிச்சோம். வீணா எல்லாம் போவல.”

படகு இரண்டு மாத சுவா மழையில் ஊறி, கஞ்சியாகி, போன வெள்ளிக்கிழமை புல்வெட்டுகிறவர்கள் வாரிக்கொண்டு போயிருந்தார்கள்.

இயக்குநர் அவள் தலையில் கை வைத்தார். “வருத்தப்படாதம்மா. வெறுந்தாளா இருந்தே எவ்ளோ மரியாத கெடச்சுது பாத்தியா? நீ எழுதினதே உள்ள இருந்திருந்தா யாராவது பிரிச்சிருப்பாங்க. பிரிச்சா கொற சொல்லியிருப்பாங்க.”

“இந்தத் தாள்லயே இப்ப மறுபடி எழுதித் தர்றேன். அர மணி நேரம். நீங்க படிக்கறீங்களா?”

டாக்டர் வைசாகே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னிக்கு முடியாதேம்மா. நாளைக்கு மாநாடு. உன் எழுத்தப் பத்திதான் பேசப் போறேன், தயார் பண்ணணும்.”

கெலெரா எழுந்து, முறைப்படி முதுகு காட்டாமல் பின்னோக்கியே நடந்து வெளியே வந்தாள். அழுகை வரவில்லை. மழை மட்டும் வந்துகொண்டிருந்தது. பாடத்தில் அவளுக்குத்தான் அந்த வருடத்தின் முதல் மதிப்பெண் என்று பிரஷ்னீல் பஸ் நிறுத்தத்தில் சொன்னான். சரி என்றாள்.

தேர்வு மண்டபத்தில் பவளக்கரை மாணவர்களைச் சுலபமாக அடையாளம் கண்டுகொள்ளலாம். ஒருவன் எழுந்து, தன் குழுத்தலைவர் யார் என்று மேற்பார்வையாளரைக் கேட்டான். இன்னொருத்தி பசை கேட்டாள். கெலெரா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ‘மறக்க முடியாத ஒரு நாள்’ என்று கொடுத்திருந்தார்கள். அம்மாவையும் பாயையும் இரும்புத் தரையையும் நினைவிலிருந்து மறுபடி எழுதினாள். எரிச்சலை எழுதும் இடத்தில் இந்த முறை கொஞ்சம் நின்று யோசித்து, அது எரிச்சல் மட்டும் இல்லை, பயமும்தான் என்று சேர்த்தாள். மணி அடித்ததும் தாளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

முடிவு வந்த அன்று தேர்வு அலுவலகக் கவுண்டரில் நல்ல கூட்டம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்மணி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

“தவேயூனிப் பொண்ணா? வாசிப்புல தேறிட்ட. எழுத்துல போயிடுச்சும்மா. அடுத்த முறை பாத்துக்கலாம்.”

பின்னால் நின்றவர்கள் ஐயோ என்றார்கள். கெலெரா நகரவில்லை.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? என் பக்கத்த யாராச்சும் படிச்சாங்களா?”

“இதென்ன கேள்வி? படிக்காம எப்படி ஃபெயில் போடுவாங்க?”

“முழுசுமா?”

“முழுசுந்தான். ரெண்டு பேரு தனித்தனியா படிப்பாங்க. ரெண்டாவது ஆளு மொத ஆள விடக் கம்மியா போட்டிருக்காரு, பாவம் நீ.”

“ரெண்டு பேரா!” என்றாள் கெலெரா.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து, கவுண்டர் பெண்மணி, தேறிவிட்டாய் என்று தவறுதலாகச் சொல்லிவிட்டோமோ என்று இன்னொரு முறை சரிபார்த்தாள். இல்லை, தோல்விதான். கெலெரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த தேர்வுக்குத் தன் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னாள்.